திறக்காதே

கடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடைக்காரப் பெண் பர்வீன் மாடி குடோனுக்கு ஏறிப் போனதிலிருந்து எத்திராஜ் பிளாஸ்டிக் ஸ்டூலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பொறுப்பு என்று யார் எதைக் கொடுத்தாலும் அவருக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அனல்மின் நிலையத்துக் கண்ட்ரோல் ரூமில் முப்பத்து மூன்று வருஷம் மீட்டர் முள் பார்த்து உட்கார்ந்த முதுகு, ஓய்வு பெற்று ஒரு வருஷமாகியும் அதற்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. வெளியே ரிச்சி தெரு பன்னிரண்டு மணி வெயிலில் வெந்துகொண்டிருந்தது. சித்திரை பிறந்து நாலு நாள்தான், அதற்குள் இந்தப் போடு. மடியில் மஞ்சள் துணிப்பை, பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய பழைய கூலர். கம்ப்யூட்டருக்குள்ளே பிராசஸர் என்கிற அந்தப் பிஸ்கட் அளவுச் சில்லின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு அதன் சூட்டை வாங்கி வெளியே தள்ளுகிற சாமான் அது. காலையில்தான் கழற்றினார். பழசைக் கழட்டிக் கொண்டாங்க சார், மாட்டுற இடத்தைப் பாத்தாதான் புதுசு பொருந்துமான்னு சொல்ல முடியும் என்று பர்வீன் போனில் சொல்லியிருந்தாள். அதன் தகடுகள் பைக்குள்ளிருந்து தொடையில் அழுத்தின. எடுத்துக் கீழே வைக்கலாம், வைக்கவில்லை. எதிரே கண்ணாடி அலமாரிக்குள் ஒரு கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்து காட்டியபடி ஓடிக்கொண்டிருந்தது, கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி உள்ளே நீலம், பச்சை, சிவப்பு. நடுவே இரண்டு கறுப்புக் குழாய்கள் வளைந்து போயின. தண்ணீர். அந்தச் சில்லைத் தண்ணீர் விட்டுக் குளிர வைக்கிறார்களாம். ரெண்டும் எடுத்தாறேன் சார், கையில தூக்கிப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க என்று சொல்லிவிட்டுப் போனவள் இன்னும் இறங்கி வரவில்லை.

காற்றா, தண்ணீரா. இதில் எத்திராஜுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடல் தண்ணீரை வாய்க்கால் வெட்டி உள்ளே இழுத்து, கண்டன்ஸர் குழாய்களில் ஓடவிட்டு, டர்பைனிலிருந்து வருகிற நீராவியைக் குளிர வைத்துத் திருப்பி அனுப்புகிற ஜோலியைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தார். தண்ணீர்தான் சூட்டை வாங்கும், காற்று வெறும் சோம்பேறி. ஆனால் தண்ணீர் என்றால் கசிவு என்று ஒன்று உண்டு, பம்பு என்று ஒன்று உண்டு, பம்பு ஓயாமல் முனகும். மகள் வினோதினிக்கு முனகல் ஆகாது. சின்ன வயதில் குவார்ட்டர்ஸில் ஃபிரிட்ஜ் சத்தத்துக்கே தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவாள். அப்படியானால் காற்றே இருக்கட்டும், இரட்டை ஃபேன் வைத்த பெரிய கூலர், அகலமான ஃபேன் மெதுவாகச் சுற்றினால் சத்தம் இருக்காது. ஆனால் உயரம். கேபினெட்டின் கதவு மூடுமா? காலையில் மனைவி லோகாவின் தையல் டேப்பை வைத்து அளந்து, ஆறரை அங்குலம் என்று பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அந்த டேப்பை எதுக்கு எடுக்கிறீங்க என்று லோகா கேட்டபோது சும்மா என்றார். எங்கே கிளம்பிட்டீங்க என்றதற்கும் சும்மா. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை, கேட்டு அலுத்தவள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். இன்றைக்கு வாங்கினால் நாளை மாட்டலாம், வியாழக்கிழமை முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை காலை பெங்களூர் வண்டியில் வந்து இறங்குகிறவளுக்கு அது தயாராக இருக்க வேண்டும். அவள் அதைத் தயாராக்கி வைக்கச் சொல்லவில்லை. அவள் எதையும் சொல்லவில்லை. போன வாரம் அம்மாவிடம் பேசும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள், அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுதாம்மா என்று. லோகா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அதைச் சொன்னாள். ஏன் கேட்டாளாம் என்றார் இவர். எனக்கென்ன தெரியும், நீங்களே கேக்கறது என்றாள். எத்திராஜ் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகத் தூங்காமல் கிடக்கிறார்.

எதற்குக் கேட்டிருப்பாள்? மறுபடியும் வரைய ஆரம்பித்துவிட்டாளா? அல்லது, அடைசலாக எதற்கு, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்து அப்புறம் விட்டுவிட்டாளா? ஒருவேளை வேறு எதையோ பேச வந்து, இடையில் சும்மா கேட்டிருக்கலாம். அவளும் அவர் மகள்தானே, அவளுக்கும் சும்மா இருக்கும். வெள்ளிக்கிழமை வருவாள், பையை வைப்பாள், குளிப்பாள், அந்த அறைப் பக்கமே போகமாட்டாள், பத்து நாளும் கூடத்தில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவாள், இவர் இரட்டை ஃபேன் மாட்டி வைத்த சமாசாரம் யாருக்கும் தெரியாமலே போகும். போகட்டும். ஓடாமல் நிற்பதற்கு யாரும் பார்க்காமல் ஓடுவது மேல். அவளும் அவரும் பேசாதவர்கள் இல்லை, ஊர் சொல்கிற மாதிரி சண்டைக்காரர்களும் இல்லை. சாப்ட்டியாம்மா, சாப்ட்டேன்பா, அங்க மழையா, இல்லப்பா, இந்தா அம்மாகிட்ட குடுக்கறேன். ஆறு வருஷமாக இதே ஐந்து வாக்கியம், சில நாள் மழைக்குப் பதில் வெயில். அவளுக்கு ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் யார் யாரோ நிரப்பி அனுப்பிய படிவங்களைச் சரிபார்க்கிற வேலை. பிடிச்சிருக்காம்மா என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம். பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவாளோ என்கிற பயம்தான். பிடிச்சிருக்குப்பா என்று பொய் சொல்லிவிடுவாளோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே தெருவுக்கு இரண்டு பேருமாகத்தான் வந்தார்கள். பிளஸ் டூ முடிக்கப் போகிற பெண், பதினேழு வயது, அனிமேஷன் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள், அதற்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். கம்பெனி கம்ப்யூட்டர் வேண்டாம், சாமான் சாமானாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளலாம் என்றவர் எத்திராஜ்தான். கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அவள் ஒரு நோட்டில் பட்டியல் எழுதி வைத்திருந்தாள், மதர்போர்டு, மெமரி என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தாள், முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தெருமுனையில் கரும்புச் சாறு குடித்தார்கள். இஞ்சி அதிகம் என்று அவள் மூக்கைச் சுளித்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது, அந்த வண்டி இன்றைக்கும் அதே இடத்தில் நிற்கிறது, வரும்போது அதைப் பார்க்காத மாதிரி எதிர்ப் பக்கமாக நடந்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் நானும் மாட்டறேன்பா என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். நீ ஸ்க்ரூவை எடுத்துக் குடு, போதும் என்றார். கொதிகலனையே கட்டி மேய்த்தவன், உள்ளங்கை அளவுச் சில்லுக்குக் கூலர் மாட்ட எனக்குத் துணை வேண்டுமா? கூலர் வந்த டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளைக்கூட அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அவள்தான் எடுத்து வைத்துக்கொண்டாள், எதையும் குப்பையில் போடமாட்டாள், சாக்லேட் தாளையும் நீவி நோட்டுக்குள் வைக்கிறவள். எல்லாம் பூட்டி முடித்துக் கதவைச் சாத்தியதும் எத்திராஜ் அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து வந்து, கேபினெட்டின் கதவு ஸ்க்ரூவில் நூல் போட்டுக் கட்டினார். நிலையத்தில் அதை டேக் என்பார்கள். பழுது பார்க்க ஒரு மிஷினை நிறுத்திப் பூட்டியவன் தன் பெயரெழுதி டேக் மாட்டினால், அவன் கையால் கழற்றும்வரை ஆண்டவனே வந்தாலும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் உள்ளே கை வைத்திருக்கிறவன் செத்தான். அட்டையில் திறக்காதே என்று அச்சடித்திருக்கும், கீழே எத்திராஜ் என்று கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். வேடிக்கைக்குத்தான். வினோ விழுந்து விழுந்து சிரித்தாள். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண், டேக் என்றால் என்னவென்று அவளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே தெரியும்.

"அண்ணே, கீபோர்டு இருக்கா? சின்ன சைஸ்?" வாசலில் ஒருவன் ஹெல்மெட்டோடு தலையை நீட்டினான். நான் கடைக்காரன் இல்லீங்க, அவங்க மாடிக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க என்றார் எத்திராஜ். அவன் போய்விட்டான். ஹெல்மெட் மஞ்சள் நிறம். மஞ்சள் தொப்பி. அந்தப் படத்தில் ஒரு மஞ்சள் தொப்பி இருந்தது. கல்லூரியில் சேர மூன்று நிமிஷப் படம் ஒன்றைச் சொந்தமாகச் செய்து அனுப்ப வேண்டும் என்றார்கள், அவள் ஐந்து மாசம் அதிலேயே கிடந்தாள், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த அறைதான். வரைந்ததையெல்லாம் கோத்து அந்த மிஷின் கடைசியாக ஒரே படமாக்கித் தர வேண்டும், அதற்கு ஆறு மணி நேரம் விடாமல் ஓட வேண்டும். நாற்பது நிமிஷம் ஓடும், பொட்டென்று அணைந்துவிடும். மறுபடி போட்டால் மறுபடி நாற்பது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி கெடு. எத்திராஜ் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். மத்தியானம் அவள் வந்து எழுப்பினாள், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. ரொம்ப சூடாகுதுப்பா, அதான் ஆஃப் ஆகுது, ஒரு தடவை திறந்து பாருப்பா, கூலரைக் கழட்டிப் பாருப்பா. அவர் எழுந்து போனார், அறை வாசலில் நின்றார், உள்ளே போய்க் கையைக்கூட வைக்கவில்லை. திரையில் பாதிப் படம் நின்றிருந்தது, நிலையத்தில் போடுகிற மாதிரி மஞ்சள் தொப்பி போட்ட யாரோ ஓர் ஆள், முதுகு மட்டும் தெரிந்தது, கையில் தூக்குச்சட்டி. யாரும்மா அது என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? கேட்கவில்லை. நான் மாட்டினதுல தப்பு இருக்காது என்றார். தினம் காலையில நான் இதுல ஒன்றரை மணி நேரம் பேப்பர் படிக்கிறேன், எனக்கு ஓடுது, உனக்கு மட்டும் ஏன் நிக்குது? வேண்டாததையெல்லாம் போட்டு வச்சிருப்ப, மேல துப்பட்டாவைப் போட்டு வச்சிருப்ப, ராத்திரியும் பகலும் அதை வறுத்தா அது என்ன பண்ணும்? கூலரைக் கழட்டிப் பாருப்பா, ஒரே ஒரு தடவை என்றாள் மறுபடியும். நான் மாட்டினதுல தப்பு இருக்காதுடி என்று சொல்லிவிட்டு வந்து படுத்தார். தூக்கம் வந்தது. அதுதான் இன்றைக்கு நினைத்தாலும் தாங்கவில்லை, அவள் படமும் கல்லூரியும் போன அன்றைக்கு அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

எனக்கு ஓடுது, உனக்கு மட்டும் ஏன் நிக்குது. இதைப் பேசியவன் எத்தனை டர்பைனைப் பார்த்தவன்! லோடு ஏற்றாத மிஷின் எப்போதும் நல்ல பிள்ளைதான், பேப்பர் படிக்கிறதற்கு அந்தச் சில்லு ஏன் சூடாகப் போகிறது, வேலை கொடுத்தால்தானே அதன் வண்டவாளம் தெரியும். வேலைக்கு முதல் வாரம் வந்த பயிற்சிக்காரன் இப்படி ஒரு காரணம் சொல்லியிருந்தால் எத்திராஜ் அவனை வறுத்து எடுத்திருப்பார். ஓய்வு பெற்ற பிறகு, வேலையில்லாத மூளைக்கு ஒருநாள் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது இது உறைத்தது, நுரையோடு அப்படியே நின்றார். அப்புறம் ஒரு சமாதானமும் கண்டுபிடித்தார். கூலர் சின்னது. அவ்வளவுதான் விஷயம். அன்றைக்குக் கடையில் கொடுத்தது அந்த வேலைக்குப் போதாத கூலர், இவர் மாட்டியதில் குற்றமில்லை, வாங்கியதில் ஏமாந்துவிட்டார். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்றுகூடப் பலமுறை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்த பிறகு, போகிற போக்கில் சொல்வது மாதிரி, அந்தப் பழைய கூலர் ரொம்பச் சின்னதும்மா, கடைக்காரன் தலையில கட்டிட்டான், அதான் அன்னைக்கு அப்படி ஆச்சு, இப்போ பெருசு மாட்டியிருக்கேன் பாரு. அப்படியாப்பா என்பாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கும், தோளோ புருவமோ. அதற்கு அவர் மன்னிப்பு என்கிற வார்த்தையைச் சொல்லவே வேண்டியிருக்காது. அதுதான் அதில் சௌகரியம். இரட்டை ஃபேன் அவருக்காகப் பேசிவிடும். இல்லை, தண்ணீரே வாங்கிவிட்டால் என்ன, தண்ணீர் என்றால் இன்னும் பெரிய மனசு மாதிரி தெரியும். இந்த நினைப்பு வந்ததும் எத்திராஜுக்கே கூச்சமாகிவிட்டது, ஆளில்லாத கடையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இன்று காலை ஆறு வருஷத்துக்கு அப்புறம் அந்த டேக்கை அவிழ்த்தார். நூல் இற்றுப் போயிருந்தது, அட்டையின் சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது, ஆனால் முடிச்சு அவர் போட்ட முடிச்சுதான், அசையவில்லை. கூலரைத் திருகி எடுத்தபோது அடியில் சூடு கடத்தத் தடவிய பசை காய்ந்து விபூதி மாதிரி ஒட்டியிருந்தது. கண்ணாடி போடாமல் இருந்தார், லோகா குளித்துவிட்டு வருகிற சத்தம் கேட்டது, அவசரமாகச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் போட்டு மேலே அந்த அட்டையையும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பர்வீன் இரண்டு அட்டைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள், நாற்பது வயதிருக்கும், நெற்றியில் வேர்வை. "ரொம்ப நேரமாயிடுச்சு சார், மன்னிச்சுக்கங்க. மேல ஒரே அடசல். யாராச்சும் வந்தாங்களா?"

"ஒருத்தர் கீபோர்டு கேட்டார்ம்மா. போயிட்டார்."

"போனா போறாரு. இந்தாங்க, இது ரெட்டை ஃபேன். இது தண்ணி. முதல்ல பழசைக் காட்டுங்க."

எத்திராஜ் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பர்வீன் செய்தித்தாளைப் பிரித்துக் கூலரைக் கையில் தூக்கி எடை பார்த்தாள், தகடுகளை எண்ணுகிற மாதிரி விரலை ஓட்டினாள்.

"இது நல்ல கூலராச்சே சார்! இப்பவும் இதைத் தேடிக்கிட்டு வர்றாங்க, கம்பெனி நிறுத்திட்டான். இது போதலையா உங்களுக்கு?"

"போதல. சூடாயி நின்னுடும். கொஞ்சம் சின்னதோன்னு..."

"சின்னதா? என்னத்துக்கு சார் சின்னது? இதைவிடப் பெரிய சில்லையெல்லாம் இது தூங்கிக்கிட்டே பாத்துக்கும்." அவள் அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். நகத்தில் ஏதோ அகப்பட்டது. சின்ன நாக்கு மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டு வந்தது, அதைப் பிடித்து அவள் மெதுவாக இழுத்தாள். காய்ந்த பசையோடு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் முழுசாக உரிந்து வந்தது, அடியில் செம்பு, நேற்றுத்தான் வார்ப்பிலிருந்து வந்தது போலப் பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல்.

"அடப்பாவமே. இதை உரிக்காமலேயே மாட்டிட்டாங்க சார்!" பர்வீன் சிரித்துவிட்டாள். "செம்புல கீறல் விழக் கூடாதுன்னு கம்பெனில ஒட்டி அனுப்புவான். மாட்டறதுக்கு முன்னாடி உரிக்கணும். இங்கயே எழுதியிருக்கான் பாருங்க. பிளாஸ்டிக்கு நடுவுல இருந்தா சூடு எங்கிட்டுப் போகும்? யாரு சார் மாட்டினது?"

பர்வீன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நிறையப் பேருக்கு ஆகறதுதான் சார். வாரத்துக்கு ஒருத்தர் இப்படி வர்றாங்க. உங்களுக்கு புதுசே வேணாம், இதைத் தொடச்சிட்டுக் கொஞ்சம் பேஸ்ட் வச்சு மாட்டுங்க, பத்து வருஷம் ஓடும்" என்றாள், குரல் தணிந்திருந்தது. இரண்டு உலோகத்துக்கு நடுவில் தோல் மாதிரி ஒரு படலம் இருந்தாலும் சூடு கடக்காது என்று எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறார். கண்டன்ஸர் குழாயில் பாசி காகிதக் கனம் படிந்தாலே போதும், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வீண் என்று கரும்பலகையில் படம் போட்டவர். கூலரைக் கழட்டிப் பாருப்பா. கழற்றியிருந்தால் பத்து நிமிஷம். மத்தியானம் இரண்டு மணிக்கு எழுப்பினாள். பத்து நிமிஷத்தில் உரித்து மாட்டியிருந்தாலும் ஐந்து மணிக்குள் ஆறு மணி நேர வேலை முடியாது, முடிந்திருக்காது, ஆனால் அதற்கு முந்தின நாளும் கேட்டாளே. சனிக்கிழமை காலையிலும் கேட்டாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அப்புறம் பாக்கலாம் என்றார். சனிக்கிழமை காலை. முப்பது மணி நேரம் இருந்தது. அந்தக் கணக்கைப் போடாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார், மனசு போட்டு முடித்துவிட்டது.

"புதுசாவே குடுத்துடுங்க" என்றார் எத்திராஜ். சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று தெரிந்தது. புதுசை மாட்டிவிட்டால் பழசு கெட்டது என்றாகிவிடும். இந்தத் தாளைப் பற்றி இந்தத் தெருவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை அவள் மிஷினைப் போடுவாள், நிற்காமல் ஓடும், கூலர் மாத்தினியாப்பா என்பாள், தேங்க்ஸ்பா என்று சொன்னாலும் சொல்வாள். அவள் தேங்க்ஸ் சொல்வதை அவர் மனக்கண்ணால் பார்த்தார். குடும்பத்துக்கு முன்னால், சோற்றுத் தட்டோடு, அந்தக் குழந்தை முகத்தோடு சொல்கிறாள், இவர் பரவாயில்லம்மா என்கிறார். பர்வீன் அந்தத் தாளைச் சுருட்டி மேஜைக்கடியில் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, எதை சார் போடட்டும், காத்தா தண்ணியா என்றாள். "அந்தத் தாளை எடுத்துக் குடும்மா" என்றார் எத்திராஜ். "எதை?" "இப்ப போட்டியே, அதை." அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். பசை விரலில் ஒட்டியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி, மாட்டுமுன் உரிக்கவும் என்று, கெட்டியாக, ஆறு வருஷம் அந்தச் சூட்டில் வெந்தும் ஓர் எழுத்து அழியவில்லை. பையில் கிடந்த ரோஜா நிற அட்டையையும் எடுத்தார். இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் போனை எடுத்து வினோ என்ற பெயரை அழுத்தினார். அவர் தானாக அவளைக் கூப்பிட்டு எத்தனை மாசமிருக்கும் என்று யோசித்தார். மணி இரண்டுமுறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"அப்பா? அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கா. நான் ரிச்சி தெருவுல இருக்கேன்."

"அங்க என்ன பண்ற இந்த வெயில்ல?"

"அந்தக் கம்ப்யூட்டர் கூலரைக் கழட்டினேன் வினோ." ஒத்திகை பார்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட இதற்கு உதவவில்லை. "அடியில ஒரு பிளாஸ்டிக் தாள் இருந்துச்சு. உரிச்சிட்டு மாட்டணுமாம். நான் உரிக்கல. நான் மாட்டினதுலதான் தப்பு. உன்மேல ஒண்ணுமில்ல. அன்னைக்கு உன்னை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான்."

அந்தப் பக்கம் அலுவலகச் சத்தம் கேட்டது, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், ஒரு கதவு சாத்தப்பட்டது. அவள் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும். எத்திராஜ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"தெரியும்ப்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"டப்பாவுல ஒரு தாள் இருந்துச்சில்ல, மாட்டற விதம் படம் போட்டு. என்கிட்டதான் இருந்துச்சு. சனிக்கிழமை காலையில எடுத்துப் படிச்சேன். அதுல முதல் படமே அதுதான். நீ அன்னைக்கு எதையும் உரிச்ச மாதிரி எனக்கு ஞாபகமில்ல. அதான் உன்னைத் திறந்து பாக்கச் சொன்னேன்."

"இதைச் சொல்லியிருக்கலாமேம்மா, உரிக்கலன்னு."

"எப்படிப்பா சொல்றது உன்கிட்ட." அவள் குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் எத்திராஜுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "நீயே பாத்தேன்னா நீயே சரிபண்ணிடுவேன்னு நெனச்சேன்."

"சரி, நான்தான் மாட்டேன்னு படுத்துட்டேன். நீயே திறந்து உரிச்சிருக்கலாம்ல? ஸ்க்ரூ டிரைவர் இருந்துச்சே அங்கயே. நாலு ஸ்க்ரூதானே."

"டேக் போட்டிருந்தியேப்பா" என்றாள்.

எத்திராஜ் தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். திறக்காதே. கீழே அவருடைய கையெழுத்து, தேதி. ஐந்து மாச உழைப்பு கையை விட்டுப் போய்க்கொண்டிருக்க, ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு ஒரு பெண் இதன் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஒரு நூல் முடிச்சு. வேடிக்கைக்குக் கட்டியதுதான், அவளும் சிரித்தவள்தான், ஆனால் திறக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பர்வீன் இரண்டு பெட்டிகளையும் ஓசைப்படாமல் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, பேஸ்ட் டியூப் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் தலையாட்டினார், அது மட்டும் போதும்.

"வினோ" என்றார். "டேக்கை அவுத்துட்டேன்ம்மா. நான் ஒண்ணும் மாட்டப் போறதில்ல. எல்லாம் அப்படியே இருக்கும். வெள்ளிக்கிழமை வந்து நீ மாட்டறியா?"

வெளியே வெயிலில் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி அட்டைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நகர முடியாமல் நின்றிருந்தது. பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் காத்திருந்தார்.

"பாக்கலாம்ப்பா" என்றாள்.